பாரம் அறிந்து கை வைப்போம்!



உங்கள் வீட்டு வாசலிலோ பக்கத்து வீட்டு வாசலிலோ பழைய லோரி ஆக்சில் ஒன்று கிடக்கிறதா? நம்மவர்களில் டிராக்டரோ லோரியோ ஓட்டுகிறவர் ஒருவர்கூட இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தோட்டத்தில் பல ஆண்டுகள் டிராக்டர் ஓட்டியவர், வெளியேறியதும் பழைய லோரி ஒன்றை வாங்கிச் சிறுதோட்டக்காரர்களின் செம்பனைப் பழக்குலைகளை ஏற்றிப் பிழைக்கிறார். பழைய லோரி என்றால் பழுது. பழுது என்றால் பட்டறை. பட்டறை என்றால் பணம். அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் வீட்டு வாசலே பட்டறை ஆகிவிடுகிறது. அண்ணன், தம்பி, மாமன், மச்சான் எல்லாரும் கூடி, "ஏலேலோ" என்று கை கொடுத்து இரும்பைத் தூக்குகிறார்கள்.

அப்படித் தூக்குவதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். நான் ஸ்பேனர் பிடித்துப் பழகியவள் அல்ல. தோட்டப் பள்ளி ஆசிரியை. எனக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2012ஆம் ஆண்டு ஜூலை மாதம். தெலுக் இந்தானுக்கும் பாகான் டத்தோவுக்கும் இடையில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் குடும்பம் இருந்தது. என் தம்பி அதற்கு முந்தைய ஆண்டுதான் மூன்று டன் லோரி ஒன்றைக் கடனில் வாங்கியிருந்தான். அதன் பின் ஆக்சில் ஓயாமல் ஊளையிட்டது. பழைய இரும்புக் கடையில் வேறோர் ஆக்சில் கிடைத்தது. அதை ஒரு சிறு லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

முதல் நாள் இரவு நல்ல மழை. எங்கள் பக்கத்து மண் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கடலோரக் களிமண். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் காலை இழுக்கும். ஆக்சிலை இறக்கத் தம்பி, பக்கத்து வீட்டுப் பையன், லோரிக்காரர் என்று மூன்று பேர் நின்றார்கள். நான்காவதாக வந்து நின்றவர் எங்கள் அப்பா. அப்போது அவருக்கு 63 வயது. காலில் ரப்பர் சிலிப்பர்.

"அப்பா, நீங்க வேணாம்" என்றேன்.

"ரெண்டு வாளி நெறைய பால காண்டாவுல சுமந்துகிட்டு ரெண்டு கட்ட தூரம் நடந்தவன் நான். இது என்னா பெரிய பாரம்?" என்றார்.

"அக்கா, நீ தள்ளி நில்லு" என்றான் தம்பி.

நான் தள்ளி நின்றேன்.

லோரியின் பின்பலகையைத் திறந்து, தரைக்கு ஒரு பலகையைச் சாய்த்து, ஆக்சிலை அதன்மேல் சறுக்கவிட்டார்கள். ஆக்சிலின் நடுவில் குடம் போல வீங்கிய ஒரு பகுதி இருக்கிறதல்லவா? பற்சக்கரங்களெல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதன் மூக்கு ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். பலகையில் பாதி வந்ததும் அந்த மூக்கு தன் பாரத்தால் சட்டென்று கீழே சுழன்றது. சுழன்ற வேகத்தில் பலகை புரண்டது. மூன்று பேர் விலகிக் குதித்தார்கள். அப்பா விலகவில்லை. கடைசி வரை தாங்கிப் பிடிக்கப் பார்த்தார். ஆக்சிலின் ஒரு முனை அவர் இடக் காலின் முன்பாதத்தில் இறங்கியது.

அவர் கத்தவில்லை. "எடுங்கடா, எடுங்கடா" என்று மெதுவாகத்தான் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்பாவுக்கு இனிப்புநீர் வியாதி உண்டு. நசுங்கிய விரல்களில் இரண்டு ஆறவில்லை. மூன்றாவது வாரம் அவற்றை எடுத்துவிட்டார்கள். நான்கு மாதம் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள்கூடத் தம்பியைக் குறை சொன்னதில்லை. "இனிமே நான் எந்த மரத்துல ஏறப் போறேன்?" என்று சிரிப்பார். தம்பிதான் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போவான்.

என் வேதனை வேறு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடத்தில் எளிய எந்திரங்களை நடத்தினேன். நெம்புகோல், சாய்தளம், ஆப்பு, கப்பி, சக்கரமும் அச்சும். அடிக்கோலை அழிரப்பர்மேல் வைத்து, மறுமுனையை ஒரு விரலால் அழுத்திப் புத்தகக் கட்டையே தூக்கிக் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டு நாள் கழித்து என் கண் முன்னே நான்கு பேர் வெறும் கையால் இரும்பைத் தூக்கினார்கள். நான் "வேணாம்" என்று ஒரு சொல் சொன்னேன். வேறு எப்படிச் செய்யலாம் என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

எடை தெரியாமல் கை வைக்காதீர்கள்

அந்த ஆக்சில் மாதக்கணக்கில் வாசலிலேயே கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. தம்பி அதைக் கொட்டகைக்கு நகர்த்தலாம் என்று பேச்செடுத்த நாளில், "முதலில் அதன் எடை என்ன என்று கேட்டுவிட்டு வா" என்றேன். பழைய இரும்புக் கடையில் அதை நிறுத்துத்தான் விற்றிருந்தார்கள். சீட்டு தம்பியின் பையிலேயே இருந்தது. 310 கிலோ!

நம் தோட்டத்து உர மூட்டை 50 கிலோ. அப்படி ஆறு மூட்டைக்கும் மேல். அதை நான்கு பேர் தூக்கினால் ஆளுக்கு 77 கிலோ. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரக் கழகம் 1991இல் வகுத்த கணக்கின்படி, எல்லா வசதியும் பொருந்திய நிலையில்கூட ஒருவர் தூக்கத் தகுந்த பாரம் 23 கிலோதான். குனிந்து, திரும்பி, வழுக்கும் மண்ணில் நின்று தூக்கும்போது அது இன்னும் குறையும். அந்தக் கணக்கைப் பார்த்தால் எங்கள் ஆக்சிலைத் தூக்க 14 பேர் வேண்டும். ஓர் ஆக்சிலைச் சுற்றி 14 பேர் நிற்க இடம் ஏது? ஆகவே இது கையால் தூக்கும் பொருளே அல்ல. இதை ஒப்புக்கொள்வதுதான் முதல் பாடம்.

திருக்குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. மயிலின் இறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சே முறிந்துவிடும் என்று அங்கே வள்ளுவர் எச்சரிக்கிறார். அரசர்களுக்குச் சொன்ன அறிவுரை அது. ஆனால் செய்யப் போகிற வேலையின் வலிமையையும் தன் வலிமையையும் துணை நிற்பவர்களின் வலிமையையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு இறங்கு என்னும் அந்தக் கருத்து, அச்சைச் சுமக்கும் நமக்கும் அப்படியே பொருந்துகிறது.

தூக்காதீர்கள், நெம்புங்கள்

அந்த ஆக்சிலை அப்புறம் எப்படி நகர்த்தினோம் என்று சொல்கிறேன். மண் நன்றாகக் காய்ந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தோம். பிள்ளைகளையும் கோழிகளையும் பின்வாசலுக்கு அனுப்பினோம். தம்பி தோட்டத்து ரப்பர் பூட்ஸைப் போடப் போனான். அது பாம்புக்கும் முள்ளுக்கும்தான் ஆகும், 310 கிலோவுக்கு ஆகாது. முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்தான். கைக்குத் தடித்த உறை. மோதிரத்தைக் கழற்றினான். உள்ளிருந்த எண்ணெயை முன்பே வடித்துவிட்டோம். அது காலடியில் சிந்தினால் களிமண்ணைவிட மோசமாக வழுக்கும்.

எங்களிடம் ஐந்தடிக் கடப்பாரை இருந்தது, அதாவது 150 சென்டிமீட்டர். முனையிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி அதன் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தோம். கைப்பிடிப் பக்கம் 135, பாரப் பக்கம் 15. ஒன்பது மடங்கு. ஆக்சிலின் ஒரு முனையைக் கிளப்பும்போது மறுமுனை தரையில் இருப்பதால், நாம் சுமப்பது ஏறக்குறையப் பாதி எடை, 155 கிலோ. அதை ஒன்பதால் வகுத்தால் 17 கிலோ சொச்சம். ஒரு பெரிய வாளித் தண்ணீர்! நானே அழுத்தினேன். நான்கு ஆண்கள் போராடிய இரும்பின் ஒரு முனை, ஆசிரியை ஒருத்தியின் கைக்குக் கட்டுப்பட்டு எழுந்தது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. ஆக்சில் 3 சென்டிமீட்டர் எழ, நான் 27 சென்டிமீட்டர் அழுத்த வேண்டியிருந்தது. பாரம் ஒன்பது பங்கு குறைந்தால் தூரம் ஒன்பது பங்கு கூடும். அதாவது, அவசரத்தை விட்டுக்கொடுத்தால்தான் இலகுவைப் பெற முடியும். 'சட்டுனு தூக்கிப் போட்டுடுவோம்' என்கிறோமே, அந்தச் சட்டென்ற சொல்லுக்குத்தான் அப்பா இரண்டு விரலைக் கொடுத்தார்.

கடப்பாரை பிடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கடப்பாரையின் மேல் கால் போட்டு நிற்காதீர்கள். அதற்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். பாரம் நழுவினால் கைப்பிடி தாடையைப் பெயர்த்துவிடும். கிளம்பிய இரும்பின் அடியில் கையை விடவே கூடாது. கட்டையை வேறொரு கம்பால் தள்ளி நுழையுங்கள்.

ஆக்சில் தன்னையே சுமக்கட்டும்

அடுத்தது நகர்த்துவது. கொட்டகை 12 மீட்டர் தூரத்தில் இருந்தது. தம்பி காண்டா கம்பைத் தேடினான். "சக்கரமும் அச்சும்" என்றேன். விழித்தான். ஆக்சிலின் இரு முனைகளிலும் பிரேக் டிரம்கள் இருந்தன. அவை வட்டமானவை, சுழல்பவை. பிறகு நாம் ஏன் சுமக்க வேண்டும்?

ஒவ்வொரு முனையாக நெம்பி, ஒவ்வொரு டிரம்மின் அடியிலும் கெட்டியான பலகையை நீளவாக்கில் போட்டோம். முன்னும் பின்னும் மர ஆப்பு வைத்தோம். அப்பாவின் காலைக் கெடுத்த அந்த மூக்கோடு இரண்டு மீட்டர் நீள இரும்புக் குழாய் ஒன்றைச் சேர்த்து இறுகக் கட்டினோம். குழாயின் முனையைத் தம்பி பிடித்துக்கொண்டான். இப்போது மூக்கு சுழலவில்லை. மாட்டு வண்டியின் ஏர்க்கால் போலக் குழாய் அவன் கையில் நின்றது. பக்கத்து வீட்டுப் பையன் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினான். ஆக்சில் இரு சக்கர வண்டியாக உருண்டது. பலகை முடியும் இடத்தில் ஆப்பு. பின்னாலிருக்கும் பலகையை எடுத்து முன்னால் போடுவோம். பிறகு மீண்டும் தள்ளுவோம். 12 மீட்டர் போக முக்கால் மணி நேரம். யாருக்கும் மூச்சு வாங்கவில்லை.

உங்கள் ஆக்சிலில் சக்கரங்களே இன்னும் இருந்தால், போய்ச் சேரும்வரை அவற்றைக் கழற்றாதீர்கள். அதைவிட நல்ல வண்டி கிடையாது. பழைய லோரிகளில் வளையம் போட்டுப் பூட்டிய பல துண்டு ரிம் இருக்கும். காற்றை முழுதாக இறக்காமல் அதில் ஸ்பேனர் வைத்தால் அந்த வளையம் வெடித்துப் பறக்கும், ஆளைக் கொல்லும். நம் வாசல் சரிவாக இருந்தால் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. ஒருவர் சொல்லுக்குத்தான் எல்லாரும் அசைய வேண்டும். 'நிறுத்து' என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சின்னப் பிள்ளை உட்பட.

ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள்

இனி உயர்த்துவதைப் பார்ப்போம். எண்ணெய் ஜாக்கி நல்ல கருவிதான். ஆனால் அது தூக்குவதற்கு, தாங்கி நிற்பதற்கு அல்ல. உள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம் கிழிந்தால் பாரம் இறங்கிவிடும். நம் களிமண்ணில் ஜாக்கி தானே புதையும், அல்லது சாயும். அதன் அடியில் அகன்ற, தடித்த பலகை போடுங்கள். ஆக்சிலின் நடுக் குடத்தின் உருண்டையில் ஜாக்கியை வைக்காதீர்கள், வழுக்கும். வில்தகடு உட்காரும் தட்டையான இடத்தில் வைத்து, ஒரு பக்கம் ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தியதும் கட்டையை அடுக்குங்கள். பிறகு மறுபக்கம். கட்டைகளை விறகு அடுக்குவது போலக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்க வேண்டும். செங்கல்லும் ஓட்டை சிமெண்டுக் கல்லும் வேண்டவே வேண்டாம். அவை சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

சங்கிலிக் கப்பி கொண்டு தூக்குகிறவர்களும் உண்டு. நல்ல வழிதான். ஆனால் எதில் கட்டுகிறீர்கள்? தோட்டத்து வீட்டு உத்தரம் தகரக் கூரையைத் தாங்கக் கட்டியது, லோரியைத் தாங்க அல்ல. பால்மரக் கிளை காற்றுக்கே முறிவதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இரும்பு முக்காலி வாடகைக்குக் கிடைத்தால் அதைத் தேடுங்கள். தொங்கும் பாரத்தின் அடியில் யாரும் போகக் கூடாது. நைந்த நைலான் கயிறு இழுபட்டு அறுந்தால் சவுக்காகத் திரும்பி அடிக்கும்.

இன்னொன்றும் பலருக்குத் தோன்றுவதில்லை. லோரியின் பின் ஆக்சிலைக் கழற்றிவிட்டால் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாததுதான், ஏனென்றால் அது பிடிப்பது பின்பக்கத்தைத்தான். வண்டி ஓட ஆரம்பித்தால் தடுக்க ஒன்றும் இருக்காது. ஆகவே முதல் வேலையாக முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் ஆப்பு வையுங்கள். சட்டத்தை ஸ்டாண்டிலோ கட்டை அடுக்கிலோ நிறுத்திவிட்டு, அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போங்கள்.

தாய்மார்களே, இதைக் கேளுங்கள். பழைய பிரேக்கில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. காற்றடித்து ஊதவிடாதீர்கள். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

அப்படியும் காயம் பட்டுவிட்டால் காப்பித்தூளையோ மஞ்சளையோ அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, காலை உயர்த்தி வைத்து, 999க்குப் போன் செய்யுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் காலில் படும் சிறு காயமும் பெரிய காயம்தான்.

அப்பா கேட்ட கேள்வி

அன்று நாங்கள் ஆக்சிலை உருட்டிய முக்கால் மணி நேரமும் அப்பா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட கால் முன்னால் ஒரு முக்காலியில். ஆப்பு சரியாக விழவில்லை என்றால் "நிறுத்து" என்று அவர்தான் குரல் கொடுத்தார். எல்லாம் முடிந்து நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா. ஆறாம் ஆண்டுலேயே இருக்கு."

சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் மூணாவதோட நின்னுட்டேன்" என்றார்.

வாசகர்களே, அந்த ஒரு வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. நம் பெரியவர்கள் தோளை நம்பி வாழ்ந்தார்கள் என்றால், நம்புவதற்கு வேறொன்றை யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. வாளியும் காண்டாவும்தான் கொடுத்தார்கள். பாரம் சுமப்பதே அவர்களுக்குப் பெருமையாகிப் போனது. அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தத் தோள்தான் என்னை ஆசிரியை ஆக்கியது. ஆனால் அந்தத் தோளின்மேல் ஏறிப் படித்த நாம், படித்ததை வீட்டு வாசலுக்குக் கொண்டுவராவிட்டால் அது எதற்கு?

அதற்குப் பின் எளிய எந்திரப் பாடம் வரும்போதெல்லாம் நான் அடிக்கோலையும் அழிரப்பரையும் மட்டும் காட்டுவதில்லை. பள்ளித் தோட்டக்காரரின் கடப்பாரையையும் ஒரு மரக்கட்டையையும் வகுப்புக்கு வெளியே வைத்து, கல் பெஞ்சின் ஒரு முனையைக் கிளப்பிக் காட்டுகிறேன். "வீட்டில் போய் அப்பாவிடமும் தாத்தாவிடமும் சொல்லுங்கள்" என்பதுதான் அன்றைய வீட்டுப்பாடம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை வந்து சொன்னால், "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் இரும்பு வந்து இறங்கும்போது, கை வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். எடை என்ன என்று கேளுங்கள். கடப்பாரையும் கட்டையும் ஆப்பும் வந்து சேரட்டும். அதுவரை ஆக்சில் லோரியிலேயே இருக்கட்டும், அவசரமில்லை.